நமது மதிலுக்கு என்ன கீறுவது?



கொஞ்சம் நீளமான பதிவு. வட்ஸ்அப் குழுவில் துண்டு துண்டாகச் சொல்லி முடிக்க ஏலாது என்பதால் இங்கே எழுதுகிறேன். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

பாடசாலையின் ரோட்டுப் பக்க மதிலுக்குப் படம் கீறுவதற்கு பழைய மாணவர்கள் பெயின்ட் வாங்கித் தர முன்வந்திருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். ரெண்டு கிழமையாகக் குழுவில் யோசனைகள் வந்தபடி இருக்கின்றன. கடலும் தோணியும் என்கிறார் ஒருவர். நான்கு இனத்துக் கைகள் சேர்ந்து பூமியைத் தாங்குவது போல என்கிறார் இன்னொருவர். சூரிய குடும்பம், போக்குவரத்துச் சின்னங்கள், அல்-அக்ஸா எல்லாம் வந்துவிட்டன. "சித்திரம் படிப்பிக்கிற டீச்சர் நீங்கதானே, முடிவச் சொல்லுங்க" என்று கடைசியில் என் தலையில் கட்டிவிட்டீர்கள்.

என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. சொல்கிறேன். அதற்கு முன் வேறு சில மதில்களைப் பற்றியும் தடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். குண்டுக்குப் பயந்து மனிதர்கள் எழுப்பிய தடைகளுக்கு முன்னால் ஓவியர்கள் என்ன செய்தார்கள் என்று தெரிந்தால், நமது மதிலுக்கு என்ன செய்யலாம் என்பது விளங்கும்.

நம்மில் முப்பது வயது தாண்டியவர்களுக்கு பரல் ஞாபகம் இருக்கும். தார் வந்த பரலை மண்ணோ கொங்கிரீட்டோ போட்டு நிரப்பி, ரோட்டின் நடுவில் வளைந்து வளைந்து போகும்படி வைத்திருப்பார்கள். அதற்குப் பச்சையும் மண்ணிறமும் கறுப்பும் கலந்த ஆமிப் பெயின்ட். பக்கத்தில் மண்மூட்டை, பனங்குற்றி, ஒரு சென்றி. பஸ் நிற்கும். எல்லாரும் இறங்க வேண்டும். வாப்பாவின் கையில் அடையாள அட்டை, உம்மாவின் கையில் என் கை. நடந்து போய் அடுத்த பக்கம் திரும்ப ஏறுவோம். பயமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். பிறந்ததிலிருந்து பார்த்தது. கடற்கரைக்குப் போனால் தென்னை நிற்பது போல, டவுனுக்குப் போனால் பரல் நிற்கும்.

இதே பரலை கொழும்பில் இருந்த ஓர் ஓவியர் வேறு கண்ணால் பார்த்தார். அவர் பெயர் சந்திரகுப்த தேனுவர. 1996 ஜனவரி 31 ஆம் திகதி மத்திய வங்கிக்கு முன்னால் லொறிக் குண்டு வெடித்து ஏறத்தாழ 90 பேர் இறந்தார்கள். அந்தக் காலத்தில் கொழும்பு முழுக்கச் சோதனைச் சாவடியும் பரலுமாக நிறைந்தது. 1997 இல் தேனுவர அந்தப் பரல்களையே தன்னுடைய கலைக்கு எடுத்துக்கொண்டார். 'பரலிசம்' என்று அதற்குப் பெயரும் வைத்தார். ஐரோப்பாவில் கியூபிசம், சர்ரியலிசம் என்று கலை இயக்கங்களுக்குப் பெயர் வைப்பார்கள் அல்லவா, அதே மாதிரி. யுத்தம் நமக்குத் தந்த கலை இயக்கம் இதுதான் என்று கிண்டல் செய்கிற பெயர். ரோட்டில் நாம் விலகிப் போன பரல், கண்காட்சி மண்டபத்துக்குள் வந்து நமக்கு முன்னால் நின்றது.

ஆசிரியர் கலாசாலையில் படிக்கும்போதுதான் நான் இதைப் பற்றி முதன்முதலில் கேள்விப்பட்டேன். அப்போது ஒரு விஷயம் மண்டையில் ஏறியது. காட்டுக்குள் மறைவதற்குத்தான் அந்தப் பச்சைப் பெயின்ட். தார் ரோட்டின் நடுவில், கடைகளுக்கு முன்னால், அந்தப் பச்சை எதை மறைக்கும்? ஒன்றையும் மறைக்காது. இன்னும் பளிச்சென்று தெரியும். ஆனாலும் கொஞ்ச நாளில் அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. பெயின்ட் மறைக்கவில்லை, நமது பழக்கம் மறைத்தது. ஓவியர் செய்தது இவ்வளவுதான்: பழகிப் போய் நாம் பார்க்க மறந்ததை எடுத்து, இந்தா பார் என்று வைத்தார்.

யுத்தம் 2009 இல் முடிந்தது. பரல்கள் மெல்ல மெல்லப் போயின. அந்த இடங்களில் நடைபாதைக் கல் பதித்தார்கள், புல் வைத்தார்கள், பூங்கா கட்டினார்கள். கொழும்பில் பல மதில்களை உடைத்துத் திறந்துவிட்டார்கள். போய்ப் பார்த்த நாமும் சந்தோசப்பட்டோம். ஆனால் 2010 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழே கொண்டுவரப்பட்டது என்பதையும் ஞாபகம் வைக்க வேண்டும். நகரைக் காவல் காத்த அமைச்சே நகரை அழகாக்கும் அமைச்சாகவும் மாறியது. தேனுவர அதையும் விடவில்லை. 2013 இல் அவர் வைத்த கண்காட்சியின் பெயரே 'அழகுபடுத்தல்'. கல் பதித்து மூடிய நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் அவர் கேட்ட கேள்வி.

கேள்வி சும்மா வந்ததல்ல. 1989, 1990 காலத்தில் எம்பிலிபிட்டியவில் பாடசாலை மாணவர்கள் கொண்டு போகப்பட்டு காணாமல் ஆக்கப்பட்டார்கள். அவர்கள் நினைவாக ஜகத் வீரசிங்க என்ற ஓவியர் 1999 இல் பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு நினைவிடம் அமைத்தார். பிறகு அந்தப் பகுதியை அழகாக்கியபோது அந்த நினைவிடம் இல்லாமல் போனது. பிள்ளைகள் ஒருமுறை காணாமல் போனார்கள், அவர்களுக்காக வைத்த கல்லும் அதே போலப் போனது. படிப்பிக்கிற ஒருத்தியாக எனக்கு இது ஆறாத விஷயம்.

இனி நம்முடைய கதைக்கு வருகிறேன்.

2019 ஏப்ரல் 21. ஈஸ்டர் ஞாயிறு. மூன்று தேவாலயங்கள், மூன்று ஹோட்டல்கள். 250க்கும் மேற்பட்ட உயிர்கள். நமக்குக் கிட்ட, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில், ஞாயிறு வகுப்பு முடிந்து வந்த சின்னப் பிள்ளைகள். நம்முடைய வகுப்பில் இருக்கிற அதே வயதுப் பிள்ளைகள். அஞ்சு நாள் கழித்து சாய்ந்தமருதில் வெடித்தபோது அதற்குள்ளும் பிள்ளைகள் இருந்தார்கள். செய்தவர்கள் நமது மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு செய்தார்கள். அந்த வெட்கத்தையும் ஆத்திரத்தையும் நாம் எல்லாரும் சுமந்தோம். அடுத்த மாதம் குருணாகல் பக்கமும் மினுவாங்கொடையிலும் நம் ஆட்களின் கடைகளும் பள்ளிகளும் எரிந்தன. அதையும் பார்த்தோம்.

பிறகு பாடசாலை திறந்தபோது கேட்டில் மேசை போட்டோம். தாய்மார் முறை வைத்து வந்து நின்று பிள்ளைகளின் பேக்கைத் திறந்து பார்த்தார்கள். சோற்றுப் பெட்டியைத் திறந்து மூடினார்கள். உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பேக் வாங்கச் சொன்ன பாடசாலைகளும் இருந்தன. வெளியூரில் படிப்பித்த நம் ஊர் டீச்சர்மார் சிலர், அபாயாவோடு கேட்டுக்குள் போக முடியாமல் திரும்பி வந்ததும் உங்களுக்குத் தெரியும். ஒரே நேரத்தில் நாம் பாதுகாக்கப்பட வேண்டியவர்களாகவும் இருந்தோம், மற்றவர்கள் பாதுகாப்புத் தேட வேண்டியவர்களாகவும் பார்க்கப்பட்டோம்.

அந்த மாதங்களில்தான் நமது மதிலும் உயர்ந்தது. நாலடி மதில், புளொக்கல் வைத்து ஏழடி ஆனது. பெற்றார் காசு சேர்த்தார்கள், மேசன் வேலை தெரிந்த வாப்பாமார் கூலி இல்லாமல் கட்டித் தந்தார்கள். அதை நான் ஒருபோதும் குறைவாகச் சொல்லமாட்டேன். குண்டு வைக்கிறவனுக்கும் பயம், கல்லோடு வருகிற கூட்டத்துக்கும் பயம். ரெண்டு பயத்துக்கும் சேர்த்து மூன்றடி. அன்றைக்கு வேறு என்ன செய்திருக்க முடியும்?

ஆனால் நாலடி மதில் எப்படி இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. இடைவேளைக்கு மதிலுக்கு மேலால்தான் ஐஸ்பழம் கைமாறும். அம்பரலங்காய் அச்சாறு விற்கிற மாமி ரோட்டில் நின்றபடியே கடன் எழுதுவா. பந்து வெளியே போனால், ரோட்டால் போகிற பக்கத்து ஊர்த் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் எடுத்து எறிவார்கள். சில நேரம் எறியாமல் கொஞ்சம் விளையாட்டுக் காட்டுவார்கள். சண்டையும் வரும், சிநேகமும் வரும். அந்தப் பிள்ளைகளின் முகம் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். இன்றைக்கு எட்டாம் தரத்தில் படிக்கிற பிள்ளைக்கு அப்போது ஏழு வயது. அதற்கு அந்த மதில் ஞாபகமே இல்லை. மதில் என்றால் ஏழடி என்றுதான் நினைக்கிறது. பரல் எனக்கு எப்படியோ, அப்படி.

போன தவணை தரம் 8 பிள்ளைகளிடம் 'பாதுகாப்பு' என்ற தலைப்பில் படம் கீறச் சொன்னேன். குடை கீறினார்கள், கோழியும் குஞ்சும் கீறினார்கள், ஹெல்மெட் கீறினார்கள். ஒரு பிள்ளை நமது பாடசாலையைக் கீறியிருந்தா. கட்டிடத்தை விடப் பெரிய மதில், பூட்டிய கேட். ஓர் ஆளும் இல்லை. "புள்ளைகள் எங்க மகள்?" என்று கேட்டேன். "உள்ளுக்கு இருக்காங்க டீச்சர். மதிலுக்குப் பின்னால. தெரியமாட்டாங்க" என்றா. "அப்ப ரோட்டுல போறவங்களுக்கு என்ன தெரியும்?" "மதில்தான்." சோகமாக ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கணக்குக்கு விடை சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டு அடுத்த கலரை எடுத்தா.

அதே 2019 கடைசியில், ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடெல்லாம் இளைஞர்கள் மதில்களுக்குப் படம் கீறினார்களே, ஞாபகம் இருக்கிறதா? போஸ்டர் ஒட்டி அசிங்கமாகக் கிடந்த சுவர்கள் ஒரு மாதத்தில் கலர் கலராகின. பஸ்ஸில் போகும்போது கண்ணாடிப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டே போனேன். பழைய அரசர்கள், யானை, குளமும் தாமரையும், சிறுத்தை, துப்பாக்கியோடு படைவீரர்கள். சொந்தக் காசில் பெயின்ட் வாங்கி, வெயிலில் நின்று கீறிய பிள்ளைகள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு கேள்வி இருந்தது. ஏழு மாதத்துக்கு முன் 250க்கும் மேற்பட்ட ஆட்கள் இறந்த நாடு இது. நான் பார்த்த சுவர்களில் ஏப்ரல் எங்கும் இல்லை. செத்தவர்கள் இல்லை, பயந்து வீட்டுக்குள் இருந்த நாம் இல்லை. வெற்றி இருந்தது, அழகு இருந்தது. ஒன்றுமே நடக்காத ஒரு நாட்டின் சுவர்கள் மாதிரி இருந்தன.

இப்படி நடப்பது நமது நாட்டில் மட்டும் அல்ல. அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரத்தில் 2017 இல், வாகனத்தை ஆட்கள் மீது ஏற்றுகிற தாக்குதல்களுக்குப் பயந்து, மக்கள் கூடும் இடங்களில் பெரிய பெரிய கொங்கிரீட் கட்டைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தச் சாம்பல் நிறக் கட்டைகளைப் பார்க்கச் சகிக்கவில்லை. நகரத்து மக்களே பூத்துணி, கம்பளி, பெயின்ட் எல்லாம் கொண்டுவந்து அவற்றைச் சுற்றி அலங்கரித்தார்கள். அந்தக் கட்டைக்கு ஆங்கிலத்தில் 'பொல்லார்ட்'. கடைசியில் 'ஆர்ட்' என்று வரும்படி எழுத்தை மாற்றி அந்த வேலைக்கே ஒரு பெயர் வைத்தார்கள். பயத்தைப் பார்த்துச் சிரிக்கிற தைரியம் அதில் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கும். ஆனால் பூத்துணி சுற்றிய பிறகும் கட்டை கட்டைதான். அழகாகி விட்டதால், இது எத்தனை நாளைக்கு இங்கே நிற்கும் என்று கேட்கிற ஆளும் குறைந்துவிடும்.

இன்னொரு நகரம் காபூல். அங்கே வெடிகுண்டுக்குப் பயந்து அரச அலுவலகம், தூதரகம், பணக்காரர் வீடு எல்லாவற்றையும் சுற்றி ஆளுயரத்தை விட உயரமான கொங்கிரீட் சுவர்கள். நகரத்தின் பாதி ரோட்டை அவை விழுங்கின. சுவருக்கு உள்ளே இருப்பவருக்குப் பாதுகாப்பு. வெளியே நடந்து போகிற ஏழைக்கு ஒன்றும் இல்லை. குண்டு வெடித்தால் அவர்தான் சாவார். 2014 இல் ஓமைத் ஷரீபி, கபீர் மொகமெல் ஆகியோர் சேர்ந்து 'ஆர்ட்லோர்ட்ஸ்' என்ற குழுவை ஆரம்பித்தார்கள். யுத்தப் பிரபுக்களுக்கு ஆங்கிலத்தில் 'வோர்லோர்ட்ஸ்', அதை மாற்றி வைத்த பெயர். அந்தச் சுவர்களிலேயே படம் கீறினார்கள். அதில் ஆகப் பேசப்பட்டது ரெண்டு பெரிய கண்கள். லஞ்சம் வாங்குகிறவரைப் பார்த்து, நான் உன்னைப் பார்க்கிறேன் என்று சொல்கிற கண்கள். சுவர் கட்டியவர்கள் குண்டிலிருந்து தங்களைப் பாதுகாப்பதற்குக் கட்டினார்கள். அதே சுவரில் ஜனங்களின் கண் திரும்பிப் பார்த்தது. இன்னொரு விஷயமும் செய்தார்கள். கோட்டை மட்டும் போட்டுவிட்டு, ரோட்டால் போகிறவர்களைக் கூப்பிட்டு, பிரஷைக் கையில் கொடுத்து, நீங்களே கலர் நிரப்புங்கள் என்றார்கள்.

ஆப்கான் மக்களுக்காகக் கால்வாய் வெட்டிய ஜப்பான் டாக்டர் டெட்சு நகாமுராவை 2019 டிசம்பரில் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய முகத்தையும் காபூல் சுவரில் கீறினார்கள். 2021 இல் தலிபான்கள் வந்ததும் சுவர் சுவராக வெள்ளை அடித்தார்கள். டாக்டரின் முகமும் போனது. சுவர்கள் நின்றன, அவற்றின் பேச்சு மட்டும் நிறுத்தப்பட்டது.

இங்கே நிறுத்தி நமது பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "டீச்சர், பழசக் கிண்டாதீங்க. பூவையும் கடலையும் கீறிட்டுப் போவம்" என்று குழுவில் ஒருவர் எழுதினார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அஹ்னாப் ஜஸீமை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மன்னார் மாவட்டத்து இளம் கவிஞர், ஆசிரியர். 2017 இல் வந்த 'நவரசம்' கவிதைப் புத்தகத்தை வைத்து, தீவிரவாதம் பரப்பினார் என்று 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடித்துக்கொண்டு போனார்கள். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. குற்றமில்லை என்று ஆனது. ஆனால் ஒன்றரை வருஷத்துக்கு மேலான அந்தச் சிறை, தமிழில் எழுதுகிற, கீறுகிற, பேசுகிற நம் எல்லார் கையையும் பிடித்து வைத்தது. ஒரு வரி எழுத முதல், இதை யார் எப்படி மொழிபெயர்ப்பார்கள் என்று யோசிக்கிறோம். அந்த யோசனையும் ஒரு பரல்தான். நமது மூளைக்குள் நிற்கிற பரல்.

ஆகவே நான் யாரையும் வம்பில் மாட்டிவிடுகிற படம் கீறச் சொல்லப் போவதில்லை. பெயின்ட் அடிக்காமல் விட்ட ரெண்டு இடங்களைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு என் யோசனைக்கு வருகிறேன்.

ஒன்று காத்தான்குடி. 1990 ஆகஸ்ட் 3 ஆம் திகதி இஷாத் தொழுகையில் இருந்தவர்களைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்ட ஷுஹதாக்கள், சின்னப் பிள்ளைகள் உட்பட. மீரா ஜும்ஆப் பள்ளிச் சுவரில் அந்தத் துப்பாக்கிச் சூட்டின் ஓட்டைகளை இன்றும் அப்படியே வைத்திருக்கிறார்கள். பள்ளியைப் புதுப்பித்திருக்கலாம், ஒரு மூட்டை சீமெந்தில் ஒரு நாளில் பூசி முடித்திருக்கலாம். பூசவில்லை.

மற்றது நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் தேவாலயம். ஈஸ்டர் அன்று குண்டு வெடித்தபோது அங்கிருந்த இயேசுவின் சிலையில் இரத்தம் தெறித்தது. அதைக் கழுவவில்லை. இரத்தக் கறையோடு கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். தேவாலயத்தைத் திருத்திக் கட்டினார்கள், கூரை போட்டார்கள். அந்தச் சிலையை மட்டும் தொடவில்லை.

இந்த ரெண்டு ஊருக்கும் யாரும் பாடம் நடத்தவில்லை. ஓவியர் வந்து யோசனை சொல்லவும் இல்லை. ஒன்று பள்ளி, ஒன்று கோயில். ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே முடிவுக்கு வந்தார்கள்: மற்றது எல்லாவற்றையும் திருத்துவோம், இதை மட்டும் இப்படியே விடுவோம். காத்தான்குடியில் சுவர் பார்த்த ஓர் உம்மாவும், கட்டுவாப்பிட்டியில் சிலை பார்த்த ஒரு தாயும் சந்தித்தால் அவர்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது என்று எனக்குத் தோன்றும்.

அதனால் என் யோசனை இதுதான்.

நமது மதிலின் கீழ் நாலடிக்கு மட்டும் படம் கீறுவோம். பழைய மதில். அதில் கடல் வரட்டும், தோணி வரட்டும், வயலும் கொக்கும் வரட்டும், ஐஸ்பழப் பெட்டியும் அச்சாறுத் தட்டும் வரட்டும். மனித உருவம் கீறலாமா கூடாதா என்ற பிரச்சினையே வராது, தேவையும் இல்லை. கோட்டை நான் போட்டுத் தருகிறேன். கலர் நிரப்புவது பிள்ளைகள். ஒரு சனிக்கிழமை பக்கத்துத் தமிழ்ப் பாடசாலையின் சித்திர ஆசிரியரோடு பேசி, அங்கிருந்தும் பிள்ளைகளைக் கூப்பிடுவோம். அந்த சேர் எனக்குக் கலாசாலையிலிருந்து பழக்கம், வருவார். மதிலின் ரோட்டுப் பக்கத்துக்குத்தானே பெயின்ட்? அது அவர்கள் தினமும் நடந்து போகிற பக்கம். நம்மை விட அவர்கள்தான் அதைக் கூடப் பார்க்கிறார்கள்.

மேலே இருக்கிற மூன்றடிக்கு ஒன்றும் வேண்டாம். பூசவும் வேண்டாம், வெள்ளை அடிக்கவும் வேண்டாம். புளொக்கல் புளொக்கல்லாகவே இருக்கட்டும். நாலடி முடிகிற இடத்தில் மதிலின் நீளத்துக்கு ஒரு கோடு. கோட்டுக்கு மேலே, கேட்டுக்குப் பக்கத்தில், சின்னதாக '2019' என்று மட்டும் எழுதுவோம். வேறு ஒரு சொல்லும் வேண்டாம். மொழிபெயர்க்க அதில் ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளை கேட்டால் நாம் சொல்ல வேண்டி வரும். கேட்கத்தான் வேண்டும். என்ன நடந்தது, யார் செய்தார்கள், யார் செத்தார்கள், நாம் ஏன் பயந்தோம், நம்மைப் பார்த்து ஏன் பயந்தார்கள் என்று வீட்டில் இருந்து பேச வேண்டி வரும். ஆறு வருஷமாக நாம் அந்தப் பேச்சைப் பேசாமல் தள்ளிக்கொண்டு வருகிறோம்.

குழுவில் ஒரு சகோதரர் கேட்பார் என்று தெரியும்: "மேல் பாதி அரைகுறையாக் கிடந்தா அசிங்கமா இருக்காதா டீச்சர்?" இருக்கும். அரைகுறையாகத்தான் இருக்கும். அந்த மூன்றடி நிரந்தரமானது என்று நாம் யாரும் நினைத்துக் கட்டவில்லையே. நிலைமை சரியாகும் வரைக்கும் என்றுதானே கட்டினோம். முழு மதிலுக்கும் ஒரே படமாகக் கீறினால், ஏழடியையும் நாமே நிரந்தரமாக்கி விடுகிறோம். பிறகு ஒருவருக்கும் அதைக் கழற்ற மனம் வராது, படம் உடையும் என்பார்கள். நாலடியோடு நிறுத்தினால், என்றைக்காவது ஒரு நாள் அந்த மூன்றடியை இறக்கலாம். கீழே இருக்கிற கடலுக்கும் தோணிக்கும் ஒரு கீறலும் விழாது.

அந்த நாள் நாளைக்கே வரும் என்று நான் சொல்லவில்லை. கேட்டில் பேக் பார்ப்பதை நிறுத்தச் சொல்லவும் இல்லை. பிள்ளைகளின் பாதுகாப்பு அதிபருக்கும் பெற்றாருக்கும் எனக்கும் அமானிதம். மதில் எவ்வளவு உயரம் என்பதையும், அதில் எவ்வளவு பயம் கட்டிய உயரம் என்பதையும் பிள்ளைகள் தெரிந்து வளர வேண்டும் என்பதுதான் எனக்கு வேண்டும்.

வருகிற வெள்ளி அஸருக்குப் பிறகு பாடசாலை மண்டபத்தில் அபிவிருத்திச் சங்கக் கூட்டம். இந்த யோசனை பிடிக்காதவர்கள் கட்டாயம் வாருங்கள், முகத்துக்கு நேரே பேசுவோம். பிடித்தவர்கள் வரும்போது ஓர் அளவு நாடாவும் சோக்கும் கொண்டுவாருங்கள். கூட்டம் சம்மதித்தால் அன்றைக்கே அந்தக் கோட்டைப் போட்டுவிடலாம்.